கண்ணாடி வரும்வரை

கடைக் கண்ணாடி உடைந்தால் மாற்றுக் கண்ணாடி அன்றிரவே வந்துவிடாது. மறுநாளும் வராது. சிங்கப்பூரின் ஜூரோங்கில் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் பலருக்கு உடைந்த பிறகுதான் இந்தச் சங்கதி தெரியவருகிறது. இவ்வளவு பெரிய ஊரில் ஒரு கண்ணாடி கிடைக்காதா என்று கேட்பார்கள். கிடைக்கும். ஆனால் ஆள் வந்து அளவெடுத்து, பட்டறைக்குச் சொல்லி, அங்கே அறுத்து, விளிம்பு தேய்த்து, கைப்பிடிக்கும் பூட்டுக்கும் துளை போட்டு, அதன்பிறகு உலையில் ஏற்றி இறக்கித்தான் தர முடியும். எப்படியும் சில நாள் ஆகும். தீபாவளி, சீனப் புத்தாண்டு நெருங்கும் நேரமென்றால் இன்னும் இழுக்கும். வாடகைக்கும் சம்பளத்துக்கும் அந்த நாட்கள் விடுமுறை கிடையாது.

தாமதத்துக்குக் காரணம் பட்டறைக்காரரின் சோம்பல் இல்லை. கண்ணாடியின் குணமே அப்படி. கடை முகப்புகளில் இன்று மாட்டுவது பெரும்பாலும் டெம்பர்டு கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் காற்றை வேகமாகப் பாய்ச்சிக் குளிர்விப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது மெதுவாகக் குளிர்ந்து சுருங்கப் பார்க்கும். இறுகிய மேற்பரப்பு விடாது. அந்த இழுபறி கண்ணாடிக்குள்ளேயே நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. அதனால்தான் அது சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு அடி தாங்குகிறது. எங்கோ ஒரு புள்ளியில் மேல்தோல் கிழிந்தால் முழுப் பாளமும் ஒரே நொடியில் கற்கண்டுக் குவியலாகக் கொட்டுவதும் அதனால்தான். கத்திபோல நீண்ட சில்லுகள் விழாததால் ஆளுக்குக் காயம் குறைவு. இத்தனை நன்மைக்கும் ஒரு விலை உண்டு: உலையை விட்டு வெளியே வந்தபின் அதை அறுக்க முடியாது, ஊசித் துளைகூடப் போட முடியாது. ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் கூடிவிட்டால் தேய்த்துச் சரிசெய்ய வழியில்லை; இன்னொன்று செய்யவேண்டியதுதான்.

பழைய சாதாரணக் கண்ணாடிக்கு இந்தத் தொல்லை கிடையாது. பெரிய பாளம் கையிருப்பில் இருக்கும். கண்ணாடிக்காரர் வைர முனையால் கீறி, தட்டி முறித்து, மக்கு வைத்து அன்றைக்கே மாட்டிவிட்டுப் போவார். கண்ணாடி உறுதியாக ஆக, அது உடைந்தபின் காத்திருக்கும் நாளும் கூடிப்போய்விட்டது. அந்த இடைவெளியில் கடையைக் காப்பது பிளைவுட். அமெரிக்க நகரங்களில் பிளைவுட்டும் ஜெனரேட்டரும் ஏற்றிய வண்டியோடு இரவு பகலாக இதற்கென்றே ஓடும் நிறுவனங்கள் உண்டு. சிங்கப்பூரில் இது கண்ணாடிக்காரர், அலுமினிய ஜன்னல்காரர், ஷட்டர்காரர், பூட்டுக்காரர் என்று பலர் கையில் சிதறிக் கிடக்கும் வேலை. யாரிடம் லாரியும் பலகையும் இருக்கிறதோ அவரே அந்த இரவின் கதாநாயகன்.

ஒன்றரை மணிக்கு வரும் போன்

ஜூரோங் வெஸ்ட்டில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கீழ்த்தளத்தில் முடிதிருத்தும் கடை என்று வைத்துக்கொள்வோம். இரவு ஒன்றரை மணி. மாடிவீட்டுக்காரர் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்துக் கடைக்காரருக்குப் போன் போடுகிறார். கடைக்காரர் டாக்சி பிடித்து வந்ததும் கை தானாகப் போவது துடைப்பத்துக்கு. அங்கேதான் காப்புறுதிப் பணத்தில் பாதி போய்விடுகிறது.

கூட்டுவதற்கு முன் படம் எடுக்க வேண்டும். தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்திலிருந்து பல. கண்ணாடி உள்ளே கொட்டியிருக்கிறதா வெளியே கொட்டியிருக்கிறதா, கடைக்குள் கல்லோ போத்தலோ கிடக்கிறதா, கல்லாப்பெட்டி திறந்திருக்கிறதா, எல்லாம் படத்தில் வரவேண்டும். யாரோ வேண்டுமென்று உடைத்ததுபோல் தெரிந்தால் எதையும் தொடாமல் முதலில் போலிசுக்குச் சொல்ல வேண்டும். சிசிடிவி பதிவை அன்றே தனியாக எடுத்து வைக்க வேண்டும். பல கருவிகள் பழைய பதிவின்மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும், யாரிடமும் கேட்காது. இதற்கிடையே முன்னால் இருக்கும் நடைபாதையையும் மறிக்க வேண்டும். வீவக புளோக்குகளில் விடியற்காலை ஐந்து மணிக்கே செருப்புப் போட்ட பாட்டிகள் சந்தைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அடுத்தது, உடைந்தும் விழாமல் நிற்கும் கண்ணாடி. முழுக்கக் கொட்டிவிட்ட கண்ணாடியைவிட இதுதான் பொல்லாதது. விளம்பர ஸ்டிக்கர் ஒட்டிய கதவென்றால் ஆயிரம் துண்டானபின்னும் அந்த ஸ்டிக்கர் எல்லாத் துண்டையும் பிடித்துக்கொண்டு நிற்கும். பார்த்தால் விரிசல் மட்டும்தான் என்று தோன்றும். 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. ஆளுயரக் கதவொன்று 55 கிலோவைத் தாண்டும். அத்தனையும் ஒரே போர்வையாக மடங்கி விழும்போது கீழே கையோ காலோ இருக்கக் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் தடித்த கையுறையும் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் பூட்சும் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாகத்தான் எடுப்பார்கள். மேலே ஒரு துண்டை விட்டுவைத்துவிட்டு அதன் அடியில் குனிந்து கூட்டுவதைப்போல முட்டாள்தனம் வேறில்லை.

பிறகு பலகை. பிளைவுட் எட்டுக்கு நாலு அடியில் வரும், 12 மி.மீ. பலகை ஒன்று இருபது கிலோ சொச்சம். டாக்சி டிக்கியில் போகாது, லாரி வேண்டும். அகலமான முகப்புக்கு 18 மி.மீ. போட்டால் நல்லது, உதைத்தாலும் வளையாது. இதை எங்கே முடுக்குவது என்பதில்தான் வேலைக்காரரின் திறமை தெரியும். அவசரக்காரர் நேராக அலுமினியச் சட்டத்தில் துளைபோட்டு ஸ்க்ரூ முடுக்கிவிட்டுப் போய்விடுவார். இரண்டு வாரம் கழித்துக் கண்ணாடி வரும்போது சட்டத்தையும் மாற்றவேண்டியிருக்கும்; கட்டட உரிமையாளர் அந்தக் கணக்கையும் கடைக்காரர் தலையில் கட்டுவார். கைதேர்ந்தவர் சட்டத்தைத் தொடமாட்டார். வெளியே பிளைவுட், உள்ளே குறுக்காக இரண்டு ரீப்பர் கட்டை. வெளிப்பக்கத்திலிருந்து வழுவழுப்பான உருண்டைத் தலை போல்ட்டைச் செருகி, உள்ளே கட்டையில் நட்டைப் போட்டு இறுக்குவார். சட்டம் நடுவில் சிக்கிக்கொள்ளும், கீறல்கூட விழாது. உருண்டைத் தலையில் ஸ்க்ரூ டிரைவருக்கோ ஸ்பேனருக்கோ பிடி இல்லாததால் வெளியே நிற்பவர் கழற்ற முடியாது.

மேல்விளிம்பில் சிலிகான் பூச மறந்தால் அடுத்த மழைக்குத் தண்ணீர் உள்ளே இறங்கும். ஜூரோங்கில் அடுத்த மழை என்பது பெரும்பாலும் அன்று மாலையே. வாசல் ஒன்றுதான் என்றால் முழுவதும் அடைக்கவும் கூடாது, தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் எங்கே போவார்? பிளைவுட்டிலேயே கீல் வைத்து, கொண்டி மாட்டி, ஒற்றைக் கதவு செய்து கொடுப்பார்கள். அதன்மேல் மார்க்கர் பேனாவால் பெரிதாக 'கடை திறந்திருக்கிறது' என்று நான்கு மொழியில் எழுதிவிட்டால் காலை ஒன்பது மணிக்கு முதல் வாடிக்கையாளருக்குத் துண்டு போர்த்தலாம்.

ஜன்னல் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டினால் போதும் என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் உண்டு. புயல் வரும் நாடுகளின் வானிலை நிலையங்கள் அதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்லி வருகின்றன. டேப் கண்ணாடியை உறுதியாக்காது. சில்லுகளைப் பெரிய பெரிய துண்டாகச் சேர்த்து விழவைக்கும்.

தானே வெடிக்கும் கண்ணாடி

யார் உடைத்தார்கள்? சில சமயம் யாருமே இல்லை என்பதுதான் உண்மையான பதில்.

காரணம் தெரிந்த உடைப்புகள் சாதாரணமானவை. புல்வெட்டும் இயந்திரம் தெறிக்கவிட்ட கல், தள்ளுவண்டியின் இரும்பு மூலை, தரைக்குள் பதித்த ஸ்ப்ரிங் தளர்ந்து கதவின் அடிவிளிம்பு டைல்ஸில் உரசுவது, பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதிப்பவர். டெம்பர்டு கண்ணாடியின் நடு முதுகில் குத்தினால் தாங்கும். விளிம்பில் ஒரு சின்ன இரும்பு பட்டால் போதும்.

மர்மமானது இன்னொன்று. கண்ணாடி உருக்கும்போது கலந்துவிடும் மிக நுண்ணிய நிக்கல் சல்பைடு துகள், உலைச் சூட்டில் ஒரு வடிவத்திலும் சாதாரண வெப்பத்தில் வேறொரு வடிவத்திலும் இருக்கும். டெம்பர் செய்யும்போது திடீரென்று குளிர்விப்பதால் அது பழைய வடிவத்திலேயே சிறைப்பட்டுப்போகும். பிறகு மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில், மெல்ல மாறி இரண்டிலிருந்து நான்கு விழுக்காடு பருக்கும். ஒரு நாள் யாரும் தொடாமலே பாளம் வெடிக்கும். மெல்பர்னில் 1958இல் கட்டிமுடித்த ஐசிஐ ஹவுஸ் கட்டடத்திலிருந்து கண்ணாடிகள் விழத் தொடங்கியபோது, 1961இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் பாலன்டைன் கண்டு சொன்ன காரணம் இது. அப்படி வெடித்த பாளத்தில், வெடிப்பு தொடங்கிய இடத்தில் இரண்டு துண்டுகள் மட்டும் சற்றுப் பெரிதாக, வண்ணத்துப்பூச்சியின் இறக்கைகள்போல ஒட்டி நிற்கும். துடைப்பத்துக்கு முன் படமெடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த இரண்டு துண்டு கிடைத்தால் கடைக்காரர் தன்மேல் பழியில்லை என்று வாதாட ஓர் ஆதாரம் இருக்கும். குப்பைப் பையில் கட்டிவிட்டால் ஒன்றும் இருக்காது.

சென்னை விமான நிலையத்தைப் பற்றி இங்கே சொல்லாமல் போனால் தமிழ் வாசகர் கோபித்துக்கொள்வார். 2013இல் திறந்த புதிய முனையங்களில் கண்ணாடியும் கதவும் கூரைத் தகடும் அவ்வப்போது விழ, நாளிதழ்கள் இத்தனையாவது முறை என்று எண்ணிக்கை போட்டுச் செய்தி வெளியிட்டன. எண்ணிக்கை 80ஐத் தாண்டிய பிறகும் செய்தி நின்றபாடில்லை.

ஆனால் கண்ணாடி விழுந்ததில் உலகப் பட்டம் பாஸ்டன் நகரின் ஜான் ஹான்காக் கோபுரத்துக்குத்தான். 60 மாடி, ஒவ்வொரு பாளமும் ஏறத்தாழ 227 கிலோ. 1973 ஜனவரியில் அடித்த காற்றில் கட்டி முடியாத கோபுரத்திலிருந்து பாளங்கள் விழுந்தன. விழுந்த இடத்தையும் விழக்கூடிய இடத்தையும் பிளைவுட்டால் அடைத்துக்கொண்டே போனார்கள். ஊர்மக்கள் அதற்குப் பிளைவுட் அரண்மனை என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். இரட்டைக் கண்ணாடியை ஒட்டியிருந்த ஈயப் பற்றவைப்பு இம்மியும் நெகிழாமல் விறைத்து நின்றதே கோளாறு. கடைசியில் 10,344 பாளங்களையும் மாற்றினார்கள், ஒற்றை டெம்பர்டு கண்ணாடியாக. வடிவமைத்தது ஐ.எம். பே நிறுவனம். அதே நிறுவனத்தின் கைவண்ணத்தை சிங்கப்பூரில் ஓசிபிசி சென்டரிலும் ராஃபிள்ஸ் சிட்டியிலும் நாம் தினமும் அண்ணாந்து பார்க்கிறோம்.

காற்று என்றதும், நமக்குப் புயல் கிடையாதே என்று சொல்லத் தோன்றும். புயல் இல்லை; சுமத்ரா சூறைக்காற்று உண்டு. சிங்கப்பூரில் பதிவானதிலேயே வேகமான காற்று மணிக்கு 144.4 கிலோமீட்டர், 1984 ஏப்ரல் 25 அன்று, ஜூரோங்குக்குப் பக்கத்துத் தெங்காவில். 2024 செப்டம்பர் 17 மாலை 83.2 கிலோமீட்டர் வேகத்தில் அடித்ததற்கே தீவு முழுவதும் மரங்கள் சாய்ந்தன.

தினமும் பலகை அடைத்த காலம்

நம் தாத்தாக்களின் கடைக்குக் கண்ணாடியே கிடையாது. சிராங்கூன் சாலையின் பழைய கடைவீடுகளானாலும் சரி, காரைக்குடி, யாழ்ப்பாணக் கடைத்தெருவானாலும் சரி, முகப்பு முழுவதும் நிரைப்பலகை. மேலும் கீழும் காடி வெட்டிய விட்டங்கள். அதில் ஒவ்வொன்றாகச் செருகி நகர்த்தும் நெடிய பலகைகள். வரிசை மாறினால் கடைசிப் பலகை நுழையாது என்பதால் ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். காலையில் கழற்றிச் சுவரோரம் சாத்திவிட்டால் கடை முழுவதும் ஐந்தடி நடைபாதைக்குத் திறந்துவிடும். இரவில் கடைப்பையன் எண் பார்த்துச் செருகிக்கொண்டே வந்து, கடைசிப் பலகையில் குறுக்கு இரும்பைப் போட்டுப் பூட்டுவான். இன்று அவசர வேலையாக நள்ளிரவில் ஆள் தேடிச் செய்வதை அன்று தினசரி வேலையாகச் செய்தார்கள். யாருக்கும் அது அவமானமாகவோ ஆபத்தின் அறிகுறியாகவோ தோன்றவில்லை.

பலகைக்குப் பின் வந்தது இரும்பு ஷட்டர். தமிழ்நாட்டில் கடையடைப்பு என்று காதில் விழுந்த மறுநிமிடம் தெரு முழுக்கக் கேட்கும் கடகட சத்தம் அதனுடையது. தலைவர் யாராவது மறைந்தார் என்றால் கடைக்காரர் செய்தியை முழுதாகக் கேட்பதற்குள் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். லிட்டில் இந்தியாவின் தேக்காவிலும் வீவக புளோக்குகளின் கீழேயும் ஷட்டர் இன்னும் இருக்கிறது. ஜூரோங் ஈஸ்ட் ரயில் நிலையத்தைச் சுற்றி எழுந்த புதிய ஜூரோங்தான் முழுக்கக் கண்ணாடிக்கு மாறியது. 2013 நடுவில் ஜெம் கடைத்தொகுதி, அதே ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் வெஸ்ட்கேட் கடைத்தொகுதி. நிதியமைச்சர் கோ கெங் சுவீ சதுப்பு நிலத்தில் தொழிற்பேட்டை கட்டப் போகிறார் என்று 1960களில் கேலி பேசிய இடம் அது.

கண்ணாடி முகப்பு என்பது எதுவும் நடக்காது என்ற நம்பிக்கையின்மேல் நிற்பது. சிங்கப்பூரில் அந்த நம்பிக்கைக்கு நியாயமுண்டு. ஆனால் குற்றம் குறைவு என்றால் குற்றமே இல்லை என்று ஆகிவிடாது என்பதைப் போலிசாரே சுவரொட்டி போட்டுச் சொல்லும் ஊர் இது. கண்ணாடிக்குக் குற்றவாளிகூட வேண்டியதில்லை. கடைத்தொகுதியில் உடைந்தால் நிர்வாகமே ஆளை அனுப்பும், அழகாக அச்சடித்த தடுப்பு வரும், வாடிக்கையாளருக்குப் புதுப்பிப்பு வேலை என்றுதான் தோன்றும். புளோக்கின் கீழே இருப்பவருக்குத் தடுப்பும் தானே, நிர்வாகமும் தானே.

ஜூரோங்குக்குப் புறப்பட்ட பேருந்து

வெஸ்ட்கேட் திறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. லிட்டில் இந்தியாவிலிருந்து ஜூரோங்கின் ஜாலான் பாப்பானில் இருந்த தங்குவிடுதிக்கு ஊழியர்களை ஏற்றிச்செல்லும் தனியார் பேருந்து ஒன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் திரும்பியபோது, புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த 33 வயதுக் கட்டுமானத் தொழிலாளி அதன் சக்கரத்தில் சிக்கி இறந்தார். அதன்பின் நடந்தது சிங்கப்பூர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்த்திராத கலவரம்.

அன்றிரவு உடைந்த கண்ணாடி எது என்று பார்த்தால் ஒன்று புரியும். முதலில் பேருந்தின் கண்ணாடி, பிறகு போலிஸ் கார்களும் ஆம்புலன்சுகளும். இருபதுக்கும் மேற்பட்ட வாகனங்கள் சேதமாயின, சில எரிந்தன. கூட்டம் நின்றது நகைக்கடையும் மதுக்கடையும் செல்பேசிக் கடையும் நிறைந்த தேக்காவின் நடுவில். ஆனாலும் அது கடைகளைச் சூறையாடும் கூட்டமாக மாறவில்லை. கோபம் போன திசை வேறு. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014இல் அறிக்கை தந்தபோது விபத்தையும், உதவி வந்த விதத்தைக் கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டதையும், மதுவையும் காரணங்களாகச் சொன்னது.

தேக்காக் கடைக்காரர்களுக்கு அடி வேறு விதத்தில் விழுந்தது. அடுத்த வார இறுதியில் பேருந்துகள் நின்றன, மது விற்பனைக்குத் தடை வந்தது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வற்றியது. 2015 ஏப்ரலில் நடப்புக்கு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் இரவு பத்தரை மணிக்குமேல் சில்லறை மது விற்பனையை நாடு முழுக்க நிறுத்தியது. லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும் கூடுதல் கெடுபிடி. கண்ணாடி உடையாத கடைகளில் வியாபாரம் உடைந்தது. பிளைவுட்டால் அடைக்க முடியாத ஓட்டை அது. எந்தக் காப்புறுதியும் அதற்குச் சுலபத்தில் பணம் தராது.

நம்மவர் கடைகளின் கண்ணாடி உண்மையிலேயே உடைந்த ஊர்களும் உண்டு. 2011 ஆகஸ்ட் 8 அன்று லண்டன் ஹாக்னியில், கிளாரன்ஸ் சாலையில் இருந்த ஓர் இலங்கைத் தமிழரின் பலசரக்குக் கடையைக் கலவரக் கூட்டம் துடைத்தெடுத்துவிட்டுப் போனது. இழப்பைத் தாங்கும் காப்புறுதி அவரிடம் இல்லை. அக்கம்பக்கத்தார் இணையத்தில் பணம் திரட்டிக் கடையை மறுபடி திறக்க வைத்தார்கள். அதே வாரம் பெக்கம் பகுதியில் உடைந்த கடை ஒன்றை அடைத்த பலகையின்மேல் யாரோ ஒரு துண்டுச்சீட்டை ஒட்ட, ஊரே வந்து ஆயிரக்கணக்கில் வண்ணச் சீட்டுகளை ஒட்டியது. கண்ணாடி வந்து பலகை கழன்ற பிறகும் அந்தச் சீட்டுகளைத் தூக்கிப்போட மனமில்லாமல், அவற்றின் பிரதியைச் சுவராகவே பெக்கம் சதுக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். கலவரத்தில் நொறுங்கிய கட்டடத்துக்குக் காவல்துறை நிர்வாகமே ஈடு தரவேண்டும் என்று பிரிட்டனில் 1886இலேயே சட்டம் இருந்தது. 2011 அனுபவத்துக்குப் பின் 2016இல் அதைப் புதுப்பித்தார்கள்.

கொழும்பில் 1983 ஜூலையில் நடந்ததை இந்த வரிசையில் வைக்க முடியாது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் கடை எது என்று பார்த்து எரித்த கூட்டத்துக்கு எதிரே பலகை என்ன செய்யும், ஷட்டர் என்ன செய்யும்.

யார் பணம்?

ஜூரோங்குக்குத் திரும்புவோம். பலகை அடித்தாயிற்று, விடிந்துவிட்டது, இப்போது கணக்கு. கடை வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், முகப்புக் கண்ணாடிக்கு வாடகைதாரரே காப்புறுதி எடுக்கவேண்டும் என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். கையெழுத்துப் போடும்போது வாடகைத் தொகையையும் முன்பணத்தையும் மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த வரி கண்ணில் பட்டிருக்காது. தீ, திருட்டுக் காப்புறுதி எடுத்திருந்தால் போதும் என்று நினைத்திருப்பார்கள். கண்ணாடிக்கான காப்புறுதி பல இடங்களில் தனிப் பிரிவு; கேட்டால்தான் சேர்ப்பார்கள். நல்ல பாலிசியில் கண்ணாடி விலையோடு தற்காலிகப் பலகை அடைப்புச் செலவும், ஸ்டிக்கர், எழுத்து வேலை செலவும் சேரும். அதற்குத்தான் படமும், போலிஸ் புகாரும், பலகைக்காரரின் ரசீதும். நள்ளிரவில் வந்தவரிடம் ரசீது கேட்கக் கூச்சப்பட்டு ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, பிறகு காப்புறுதி முகவரிடம் சத்தியம் செய்வதில் பயனில்லை.

லிட்டில் இந்தியாவில் இன்னொரு சிக்கல் உண்டு. 1989 முதல் அது பாதுகாக்கப்படும் வட்டாரம். கடைவீட்டின் முகப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கண்ணாடி உடைந்ததே சாக்கு என்று சட்டத்தையும் கதவின் வடிவத்தையும் மாற்றப் போனால் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் கடிதம் வரும். பழையது எப்படி இருந்ததோ அப்படியே போடுவதற்கும் பழைய படம் வேண்டும்.

செலவில்லாத ஒரு முன்னேற்பாடு இருக்கிறது. கண்ணாடி நன்றாக இருக்கும்போதே ஒவ்வொரு பாளத்தின் அகலம், உயரம், தடிப்பு, துளைகளின் இடம் ஆகியவற்றையும், மூலையில் பொறித்திருக்கும் முத்திரையையும் படமெடுத்துத் தொலைபேசியில் வைத்துக்கொள்வது. உடைந்த மறுநாள் காலையிலேயே பட்டறைக்கு உத்தேச அளவை அனுப்பிவிடலாம். ஆள் வந்து சரிபார்ப்பதற்குள் வரிசையில் இடம் கிடைத்துவிடும். ஒன்றிரண்டு நாள் மிச்சம். உள்ளே நிக்கல் துகள் இருந்தால் பட்டறையிலேயே வெடிக்கட்டும் என்று கண்ணாடியை 290 டிகிரி அளவில் சில மணி நேரம் வேகவைத்துச் சோதிக்கும் முறையும் இருக்கிறது. ஹீட் சோக் என்று கேட்டால் பட்டறையில் புரியும். முழு உத்தரவாதம் இல்லை, ஆனால் பெரும்பகுதி களை அங்கேயே எடுபட்டுவிடும்.

இதைவிட நல்ல வழி லேமினேட்டட் கண்ணாடி. இரண்டு பாளத்துக்கு நடுவே ஒரு நெகிழிப் படலம். பிரெஞ்சுக்காரர் எட்வார் பெனெடிக்டுஸ் 1903இல் கைதவறிப் போட்ட குடுவை உடைந்தும் சிதறாததைப் பார்த்துப் பிடித்த யோசனை. இன்று ஓடும் ஒவ்வொரு காரின் முன்கண்ணாடியும் அதுதான். உடைந்தாலும் இடத்தைவிட்டு விழாது. அந்த இரவைப் பலகையில்லாமலே கடத்திவிடலாம். அதைவிட முக்கியம், டெம்பர் செய்யாத பாளங்களால் செய்த லேமினேட்டட் கண்ணாடியைக் கையிருப்பிலிருந்து அளவுக்கு அறுத்துக்கொள்ள முடியும். உலைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கைப்பிடியும் துளையும் உள்ள சட்டமில்லாக் கதவுக்கு அது உதவாது, அங்கே டெம்பர்டுதான் வேண்டும். ஆனால் கதவுக்கு இரு பக்கமும் சட்டத்துக்குள் அசையாமல் நிற்கும் பெரிய பாளங்களுக்குத் தாராளமாகப் போடலாம். விலை கூடுதல். கடை ரினோவேஷனுக்கு மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கிக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தில், முதலில் அடிபடும் வரி அது. விவரம் தெரிந்த ஒருவர் லேமினேட்டட் எழுதிக் கொடுத்திருந்தாலும், பக்கத்துக் காண்டிராக்டர் "அதெல்லாம் எதுக்கு அண்ணே, டெம்பர்டே போதும், உடையவே உடையாது" என்று சொல்லி வேலையை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.